வடத்தின் கழுத்து

கடல்தொழில் செய்வோர் கயிற்றைச் சந்தேகிப்பதுபோல் வேறெதனையும் சந்தேகிப்பதில்லை. ஒலுவில் துறைமுகத்தின் மீன்பிடிப் பக்கத்தில் ஒரு மாலை நேரம் நின்று பார்ப்பவர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். புதுக்கயிறு ஒன்று கைக்கு வந்ததும் முதலில் அதன் முறுக்கைப் பிரித்து உள்ளிழையைப் பார்க்கிறார்கள். நகத்தால் சுரண்டுகிறார்கள். இரு கைகளுக்கிடையே சுண்டி இழுக்கிறார்கள். பின்னர் ஒரு முடிச்சிட்டு, முடிச்சின் கழுத்திலே பிசிர் எழுகிறதா என்று கண்ணருகே கொண்டுபோய் நோக்குகிறார்கள். கயிறு அறுவது நடுவில் அன்று, கழுத்தில்தான் என்பது அவர்கள் பரம்பரையாய் அறிந்த பாடம்.

அதே மனிதர் மறுநாள் கல்முனைக் கடைத்தெருவிலே மின்வடம் ஒன்று வாங்குகிறார். "எத்தனை முழம், என்ன விலை?" என்ற இரண்டு கேள்விகளோடு வாணிபம் முடிந்துவிடுகிறது. அவர் இழுத்துப் பார்ப்பதில்லை, வளைத்துப் பார்ப்பதுமில்லை. உள்ளே இருப்பது செம்போ, செம்பு பூசிய வேறொன்றோ என்று கேட்பதுமில்லை. கயிற்றில் தொங்குவது ஒரு வலையும் சில மீனும். இந்த வடத்தில் தொங்குவதோ வீட்டிலுள்ளார் உயிர். இந்த வேற்றுமை என்னை நெடுநாளாய் உறுத்திக்கொண்டிருக்கிறது. மின்வேலை பயில வரும் இளைஞரோடு பழகியவன் ஆதலால், இதனைப் பற்றிச் சிறிது விரிவாகவே எழுதத் துணிந்தேன்.

முதலில் வடத்தின் உள்ளமைப்பைக் காண்போம். வீட்டுச் சாதனங்களிற் பெரும்பாலும் காணப்படும் வடத்தில் ஒவ்வொரு கம்பியின் குறுக்குப் பரப்பும் 0.75 சதுர மில்லிமீற்றர். கம்பி என்றேனாயினும் அது ஒற்றைக் கம்பி அன்று. 0.2 மில்லிமீற்றர் பருமனுள்ள 24 செப்பிழைகளை முறுக்கினால் அந்தப் பரப்பு வரும். தலைமயிரைக் காட்டிலும் சற்றே பருத்த இழைகள் அவை. ஒரே தடித்த கம்பியாக இட்டிருந்தால் மின்சாரத்துக்குக் குறைவொன்றும் இல்லை. ஆனால் பத்துத் தடவை மடக்கினால் அது ஒடிந்துவிடும். மெல்லிழைகளோ மூங்கிற் கீற்றுப்போல வளைந்து கொடுக்கும். சுவருக்குள்ளே அசையாது கிடக்கும் கம்பிக்கும் கையோடு அலையும் வடத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். சுவர்க் கம்பியை வாங்கிவந்து நீட்டுவடம் செய்துகொள்வோர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அது பனைமட்டையைக் கயிறாகக் கட்டுவது போன்றது.

இழைகளைச் சுற்றிக் காவலி எனப்படும் உறை. அத்தகைய கம்பிகள் இரண்டையோ மூன்றையோ சேர்த்து மேலே இன்னோர் உறை. கபிலம் உயிர்க்கம்பி, நீலம் நொதுமற்கம்பி, பச்சையும் மஞ்சளும் வரியோடியது புவிக்கம்பி. பழைய பிரித்தானிய வழக்கிலே இவை சிவப்பு, கறுப்பு, பச்சை என்றிருந்தன. ஜேர்மனியிலோ முன்னாளில் சிவப்பு நிறம் புவிக்கம்பிக்கு உரியதாயிருந்தது! ஒரு நாட்டின் உயிர்க்கம்பி மற்றொரு நாட்டின் காவற்கம்பியாய் இருந்த இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே ஐரோப்பிய நாடுகள் ஒரே நிறமுறையை ஏற்றன. பச்சையோடு மஞ்சள் வரியும் சேர்த்தது நிறக்குருடரும் பிரித்தறிவதற்காக. இவ்வளவு எண்ணிச் செய்த ஏற்பாட்டை நாம் கறுப்பு நாடாவால் ஒட்டி மறைத்துவிடுகிறோம்.

இனி, இத்தகைய வடத்தைச் சோதிப்பது எங்ஙனம்? சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் என்றொரு சபை 1906ஆம் ஆண்டிலே தோன்றியது. விஞ்ஞானி கெல்வின் பிரபு அதன் முதல் தலைவர். வீட்டு மின்சாதனங்களின் காவலுக்கென்று அச்சபை வகுத்த நியமத்தின் எண் 60335. அதிலே வடத்துக்கென ஓர் அத்தியாயமே உண்டு. அதனைப் படிக்கும்தோறும், எழுதியவர்கள் சமையலறையையும் துணி தேய்க்கும் மேசையையும் பலகாலம் உற்றுப் பார்த்தவர்கள் என்றே எனக்குத் தோன்றும்.

மின்னழுத்தியை எடுத்துக்கொள்வோம், 'அயன்' என்று நாம் வழங்குவது. அதனைச் சோதனைக்கூடத்திலே ஆடும் கை ஒன்றிற் பொருத்துகிறார்கள். வடம் கீழே தொங்குகிறது. வடம் 0.75 சதுர மில்லிமீற்றர் வரையினதாயின் அதன் நுனியில் 5 நியூற்றன், அதாவது ஏறக்குறைய அரைக்கிலோ நிறை. அதனினும் தடித்ததாயின் 10 நியூற்றன். கை ஒருபுறம் 45 பாகை, மறுபுறம் 45 பாகை என ஆடுகிறது. நிமிடத்துக்கு 60 மடக்கு. வடத்தின் வழியே மின்சாரமும் பாய்ந்துகொண்டிருக்கும். இப்படிப் பத்தாயிரம் மடக்கு. வடத்தைக் கழற்றி மாற்றவே இயலாத அமைப்பாயின் இருபதாயிரம். பத்தாயிரம் என்பது இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சிறிது கூட. ஒரு தாய் பல ஆண்டுகளாய்ப் பள்ளிச் சட்டைகளைத் தேய்த்துத் தேய்த்து அந்தக் கழுத்துக்குத் தரும் துன்பத்தை ஒரு முற்பகலிலே கொடுத்துவிடுகிறார்கள்.

சோதனை முடிந்ததும் உறையைக் கிழித்து இழைகளை எண்ணுகிறார்கள். எந்தக் கம்பியிலும் பத்திலொரு பங்குக்கு மேல் இழை அறுந்திருத்தல் ஆகாது. 24 இழையில் இரண்டு அறுந்தால் தேறும். மூன்று அறுந்தால் தேறாது. அறுந்த இழை காவலியைத் துளைத்து வெளியே எட்டிப் பார்த்தாலும் தேறாது.

அடுத்தது இழுப்பு. வடம் சாதனத்துக்குள் நுழையும் வாயிலுக்கு அருகே ஒரு குறி இடுவார்கள். ஒரு கிலோவுக்குட்பட்ட சாதனத்துக்கு 30 நியூற்றன், ஒன்று முதல் நான்கு கிலோ வரை 60 நியூற்றன், அதற்கு மேல் 100 நியூற்றன். இந்த விசையால் 25 தடவை, தடவைக்கு ஒரு விநாடி வீதம் வெடுக்கென்றில்லாமல் இழுப்பார்கள். பின்பு ஒரு நிமிடம் முறுக்குவார்கள். குறி 2 மில்லிமீற்றருக்கு மேல் நகர்ந்தால் அந்தப் பண்டம் தோற்றது. செருகியைப் பிடித்துக் கழற்றாமல் வடத்தைப் பிடித்து இழுப்பது உலகப் பொதுப்பழக்கம் என்பதை இந்நியமம் மறுப்பின்றி ஒப்புக்கொள்கிறது. மனிதரைத் திருத்த முயலாமல் பொருளைத் திருத்தும் இந்தப் பாங்கு எனக்கு மிகவும் உவப்பானது.

சாதனத்தோடு சேராத தனி வடத்துக்கும் சோதனைகள் வேறு உண்டு. இரண்டு கப்பிகளுக்கிடையே நெளித்து, இரு நுனியிலும் நிறை கட்டி, கப்பிவண்டியை முன்னும் பின்னுமாக முப்பதாயிரம் அசைவு ஓட்டுகிறார்கள். தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து 2000 வோல்ற்று அழுத்தம் தந்து காவலி தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். உறைப்பொருளை 80 பாகை வெப்ப அடுப்பில் ஏழு நாள் முழுவதும் வைத்து முதுமையை வரவழைக்கிறார்கள். பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கு இயல்பாக மென்மையானதன்று. மென்மை தரும் எண்ணெய்ப்பொருள் ஒன்றைக் கலந்தே அதனை வளையச் செய்கிறார்கள். வெப்பமும் காலமும் அந்த எண்ணெயை வெளியேற்றிவிடும். பழைய வடம் விறைத்துக் கருவாடாய்ப் போவதன் காரணம் இதுவே.

இத்தனை சோதனையும் கழுத்தையே ஏன் குறிவைக்கின்றன? இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. வாசகர் சற்றுப் பொறுமையோடு கேட்பாராக.

1000 வாற்று மின்னழுத்தி 230 வோல்ற்றில் 4.3 அம்பியர் ஓட்டத்தை இழுக்கும். நல்ல செப்பு வடத்திலே, 0.75 பருமனில், இந்த ஓட்டம் மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு வாற்று வெப்பத்தைத்தான் உண்டாக்கும். கைக்கே தெரியாது. ஆனால் கழுத்திலே 24 இழையில் இருபது அறுந்துவிட்டதென்று கொள்ளுங்கள். எஞ்சிய நான்கு இழைகள் அந்த முழு ஓட்டத்தையும் சுமக்கின்றன. அந்தக் குறுகிய இடத்தில் வெப்பம் குவிகிறது, அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டு விலகும்போது பொறி பறக்கிறது, காவலி கருகுகிறது. இவ்வளவும் நடக்கும்போது மின்னழுத்தி இழுப்பது அதே 4.3 அம்பியர்தான், சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். செருகிக்குள்ளே இருக்கும் 13 அம்பியர் உருகிக்கு இதில் ஐயம் எழ வழியில்லை. வீட்டு வாயிலில் இருக்கும் 'டிரிப் சுவிச்'சோ, போன ஓட்டமும் திரும்பிய ஓட்டமும் ஒத்திருக்கின்றனவா என்று மட்டுமே பார்ப்பது; 30 மில்லி அம்பியர் வேறு வழியில் கசிந்தால்தான் அது விழும். கருகும் கழுத்திலே கசிவு இல்லை. ஆகவே அதுவும் சும்மா இருக்கிறது. காவலாளர் இருவரும் விழித்திருக்க, வீட்டினுள்ளே தீ மூளுகிறது.

அமெரிக்காவிலே இத்தகைய பொறியைக் கண்டறியும் கருவியைப் படுக்கையறைகளுக்கு 1999ஆம் ஆண்டின் மின்விதித் தொகுப்பு கட்டாயமாக்கியது. 2002 சனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. நம் வீடுகளில் அது அருமை. ஆதலால் இந்தக் கேட்டைக் கண்டுபிடிக்க நமக்கு இருப்பவை கண்ணும் கையும் மூக்கும்.

புவிக்கம்பியின் நிலை இன்னும் மோசம். உயிர்க்கம்பி அறுந்தால் சாதனம் நின்றுவிடும், வீட்டார் அறிவர். புவிக்கம்பி அறுந்தால் ஒன்றும் நேராது. சாதனம் நேற்றுப்போலவே இன்றும் சுடும், சுழலும், பாடும். என்றோ ஒருநாள் உள்ளே உயிர்க்கம்பி உலோக உடலைத் தொடும்போதுதான் அந்தக் காவற்கம்பி இல்லாமற்போனது தெரியவரும். ஈரக்கையும் ஈரத்தரையுமாக நிற்கும் மனித உடலின் தடையை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், அதனூடே பாயக்கூடியது 230 மில்லி அம்பியர். டிரிப் சுவிச் விழவேண்டிய அளவைவிட ஏழு மடங்குக்கும் மேல். அந்தச் சுவிச்சும் பழுதாயிருந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

பெரிய கம்பெனிகளின் வடங்கள் மட்டும் குற்றமற்றவையோ எனில், அதுவும் அன்று. 2005ஆம் ஆண்டு பெப்ரவரியில் மைக்ரோசொவ்ற் நிறுவனம் தன் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுப் பெட்டிகளுக்கு ஒரு கோடியே 41 இலட்சம் வடங்களை மாற்றித் தருவதாக அறிவித்தது. 2014 ஆகஸ்ட்டில் எச்.பி. நிறுவனம் மடிக்கணினிகளோடு கொடுத்த எல்.எஸ்.-15 என்னும் வடத்தைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் மாத்திரம் ஏறக்குறைய 56 இலட்சம். சூடேறி உருகியதாக வந்த முறைப்பாடுகள் 29தான். 2016 சனவரியில் மீண்டும் மைக்ரோசொவ்ற். இம்முறை சேர்பேஸ் புரோ கணினியின் வடம். இறுகச் சுற்றியும் முறுக்கியும் நெருக்கியும் நெடுநாள் வைத்தால் அது பழுதாகிச் சூடேறக்கூடும் என்பது அந்நிறுவனம் சொன்ன காரணம். வடத்தை இறுகச் சுற்றி வைக்காத வீடு உலகில் எங்கே இருக்கிறது? இலட்சத்தில் ஒன்று பழுதானாலும் இலட்சங்களைத் திரும்பப் பெறும் நாடுகள் உண்டு. அங்கே திரும்பப் பெறப்பட்ட சரக்கு எந்தச் சந்தையில் எந்தப் பெயரோடு தலைகாட்டும் என்ற கேள்வி என் மனத்தில் எழாமல் இல்லை.

நம் கரைக்கு வருவோம். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தோளோடு தோளுரசி நிற்கும் இவ்வூர்களிலே மின்வடத்துக்கு மூன்று பகைகள். உப்பு ஒன்று, மணல் மற்றொன்று, வெளிநாட்டுப் பெட்டி மூன்றாவது.

உப்பைப் பற்றிப் பேசத் துறைமுகமே தக்க இடம். துறைமுக அமைச்சராயிருந்து 2000ஆம் ஆண்டில் வானூர்தி விபத்தில் மறைந்த எம். எச். எம். அஷ்ரப் அவர்கள் கண்ட கனவு இது. 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பர் முதலாந் திகதி திறந்துவைக்கப்பட்டது. கட்டிய பின் கரை அரிக்கப்பட்டதும், வாயிலை மணல் மீண்டும் மீண்டும் அடைத்ததும் யாவரும் அறிந்த துயரக்கதை. அதனை எழுதத் தனிக்கட்டுரை வேண்டும். இங்கு நமக்கு வேண்டியது படகு திருத்தும் இடத்திலே தரையில் நெளிந்து கிடக்கும் வடம் மட்டுமே. பைபர் படகின் பிளவைத் தேய்க்கும் கிரைண்டர், துளையிடும் கருவி, இரவிலே தொங்கும் விளக்கு ஆகியவற்றின் வடங்கள் ஈரமணலில் இழுபடுகின்றன. மணல் அரம்போல உறையை அராவுகிறது. சிறு கீறல் விழுந்ததும் உப்புநீர் உள்ளே நுழைகிறது. முறுக்கிய இழைகளின் இடைவெளி விளக்குத்திரிபோல் நீரை உறிஞ்சும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கீறல் ஓரிடத்தில் இருக்க, அங்கிருந்து வெகுதூரம் உள்ளே செம்பு கறுத்தும் பச்சை பூத்தும் போவதைப் பல வடங்களை அறுத்து நான் கண்டிருக்கிறேன். மேலே நாடா சுற்றிவிட்டால் அந்த நீர் உள்ளேயே சிறைப்படுகிறது. நன்மையைவிடத் தீமையே மிகுதி. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்து வெளியேறிய பின், வெயிலில் உலர்த்தி மீண்டும் பூட்டிய சாதனங்கள் பல வீடுகளில் இருந்தன. வெளியே உலர்ந்திருந்தன, உள்ளே உப்பு இருந்தது.

கடற்கரைத் தொழிலுக்குரிய வடம் வேறு. கனத்த செயற்கை இறப்பர் உறையுடையது. கப்பல்களுக்கு உரியதாயின் செப்பிழைக்கு வெள்ளீயம் பூசியது. அதன் விலை கூடுதல்தான். வலைக்கு விலை பாராதவர்கள் இதற்குப் பார்க்கிறார்கள். ஒருநாள் அங்கே ஒரு முதிய தொழிலாளியிடம் இதனை எடுத்துச் சொன்னேன். "தம்பி, வலை அறுந்தா அண்டைக்குப் பசி. இது அறுந்தா கரண்ட் நிண்டு போகும், அவ்வளவுதானே?" என்றார். "நிக்காது காக்கா, அதுதான் பயம்," என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, காலடியிற் கிடந்த வடத்தை எடுத்து ஒதுக்குப்புறமாய்ப் போட்டார்.

சோதனைக்கூடத்து நியமத்தின் மீது எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. அதனையும் ஈண்டு சொல்லிவிடுகிறேன். அந்த மடக்குச் சோதனை, இயங்கும்போது கையோடு அசையும் சாதனங்களுக்கே உரியது. மின்னழுத்தி அதில் அடங்கும். சோறு சமைக்கும் குக்கரும் மேசைவிசிறியும் அடங்கா. அவை ஓரிடத்தில் நிற்பவையாம்! எங்கள் வீடுகளிலோ ஒரே குதை, அதாவது ஒரே 'பிளக் பேஸ்', குக்கருக்கும் விசிறிக்கும் மாவரைக்கும் இயந்திரத்துக்கும் முறைபோட்டுப் பயன்படுகிறது. விசிறி இரவில் அறைக்கு அறை நடக்கிறது. நிற்கும் என்று எழுதிய சாதனம் நம்மிடம் நடக்கிறது. நியமம் எழுதியோர் பார்த்த சமையலறை வேறு. நம் உம்மாமார் சமையலறை வேறு.

மூன்றாவது பகையாகிய வெளிநாட்டுப் பெட்டி. இக்கரையிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் வீட்டுக்குக் கொண்டுவரும் அன்புப்பொருள்களில் மின்னழுத்திக்கும் குக்கருக்கும் முதலிடம். சவூதி அரேபியாவிலே நெடுங்காலம் 127 வோல்ற்று மின்சாரமும் வீடுகளில் வழங்கியது. 2010ஆம் ஆண்டிலேயே 230 வோல்ற்றுக்கு மாறத் தீர்மானித்தார்கள். அந்தப் பழைய 127 வோல்ற்றுக்குரிய 1000 வாற்று அடுப்பை நம் வீட்டில் மாட்டினால், அழுத்தம் 1.8 மடங்காக, ஓட்டமும் 1.8 மடங்காக, அடுப்பு 3200 வாற்றுக்கு மேல் கொதிக்க முயலும். 8 அம்பியர் சுமக்கப் பிறந்த வடம் 14 அம்பியர் சுமக்கும். அதன் வெப்பமோ மூன்று மடங்குக்கு மேல். அடுப்பு முதலில் எரிந்துபோனால் அது நல்லூழ்.

அழுத்தம் ஒத்திருந்தாலும் செருகி ஒத்திராது. நம் நாட்டிலே 5 அம்பியர் வட்டக்கால், 15 அம்பியர் வட்டக்கால், 13 அம்பியர் சதுரக்கால் என மூவகைச் செருகிகள் நெடுங்காலம் கலந்து வழங்கின. 13 அம்பியர் சதுரக்கால் ஒன்றையே நாட்டின் பொதுச்செருகியாக்கும் முடிவு 2010களின் பிற்பகுதியில் வந்தது. ஆயினும் பழைய வீட்டுச் சுவர்களில் பழைய துளைகள் இன்னும் இருக்கின்றன. இரண்டு கால் செருகியைச் சதுரத் துளையில் நுழைக்க நம்மவர் கண்ட உபாயம் அனைவர்க்கும் தெரியும்: மேல்துளையிலே ஒரு பேனையையோ ஈர்க்கையோ குத்தினால் கீழ்த்துளைகளின் கதவு திறந்துகொள்ளும். புவிக்காலுக்கென்று நீளம் கூட்டி, அது முதலில் நுழைந்து கதவைத் திறக்கவேண்டும் என்று 1947ஆம் ஆண்டு பிரித்தானிய நியமம் வகுத்தவர்கள் இந்த ஈர்க்கைக் கண்டால் என்ன சொல்வார்களோ! அந்தச் செருகிக்குள் இருக்கும் சிறு உருகியும் சாதனத்தைக் காப்பதற்கன்று. வடத்தைக் காப்பதற்கே வைத்தது. இரண்டு கால் செருகியில் அது இல்லை.

போலி வடம் பற்றியும் ஒரு சொல். அலுமினியக் கம்பிக்கு மெல்லிய செப்புத்தோல் போர்த்தி விற்கிறார்கள். அலுமினியம் செம்பின் கடத்துதிறனில் ஐந்தில் மூன்று பங்கே உடையது. மடக்கினால் விரைவில் முறியும். காந்தம் வைத்துப் பார்ப்பதால் இது பிடிபடாது. உள்ளே இரும்பிருந்தால்தான் காந்தம் இழுக்கும். ஓர் இழையைப் பேனாக்கத்தியின் முனையால் சுரண்டிப் பாருங்கள். செம்பாயின் எவ்வளவு சுரண்டினாலும் செந்நிறம். போலியாயின் வெண்மை வெளிப்படும். வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு இதற்கு நேர்மாறு: மேலே வெண்மை, சுரண்டச் சிவப்பு. தூக்கிப் பார்த்தாலும் போலி இலேசாயிருக்கும். மீன் நிறுத்துப் பழகிய கைக்கு இது தெரியாமற் போகாது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளதா என்று முதலில் பார்ப்பது நன்று. ஆயினும் முத்திரையை அச்சிடுவது செம்பை உருக்குவதைவிட எளிது என்பதனால் கத்திமுனையையும் நான் கைவிடுவதில்லை.

வீட்டில் உள்ள வடத்தைச் சோதிக்க ஆடும் கையும் கப்பிவண்டியும் வேண்டியதில்லை. செருகியைக் கழற்றிவிட்டு, வடத்தின் இரு கழுத்துகளையும், அதாவது சாதனத்தினுள் நுழையும் இடத்தையும் செருகியினுள் நுழையும் இடத்தையும், விரல்களுக்கிடையே மெல்ல மடக்கிப் பாருங்கள். நல்ல வடம் ஒரே சீராக வளையும். இழை அறுந்த வடம் ஓரிடத்தில் மட்டும் கீல்போல் மடியும். அந்தக் கீல்தான் நோய். வேலை செய்து முடித்ததும் கழற்றிய செருகியின் கால்களையும் கழுத்தையும் தொட்டுப் பாருங்கள். வடத்தின் நடுவைவிடக் கழுத்து சுடுமாயின் அது பேசுகிறது. மின்னழுத்தியின் வடம் துணிப்பின்னல் உறையோடு வருவதன் காரணத்தையும் சொல்லவேண்டும். பி.வி.சி. உறை சுடுதட்டைத் தொட்டால் உருகும். ஆகவே சூடான உலோகம் தொடக்கூடிய சாதனங்களுக்கு அது விலக்கப்பட்டது. பின்னல் பிய்ந்ததும் கடைக்காரர் பளபளக்கும் பிளாஸ்டிக் வடத்தைப் பூட்டித் தந்தால், ஏற்காமல் திருப்பிக் கொடுங்கள்.

புவிக்கம்பியை மல்டிமீற்றரால் சோதிப்போர் ஒரு நுட்பத்தை மறக்கிறார்கள். செருகியின் நீண்ட காலுக்கும் சாதனத்தின் உலோக உடலுக்கும் இடையே ஓம் அளவு சுழியத்தை ஒட்டி நின்றால் நல்லதென்று விட்டுவிடுகிறார்கள். 24 இழையில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீற்றர் அதே அளவைத்தான் காட்டும். ஒரு சென்ரிமீற்றர் ஒற்றை இழையின் தடை ஒரு ஓமின் நூறில் ஒரு பங்கும் இல்லை. அதனாலன்றோ சோதனைக்கூடத்தில் 25 அம்பியர் வரை பாய்ச்சிப் பார்க்கிறார்கள்! ஒற்றை இழை அதனைத் தாங்காது. அவுஸ்திரேலியாவிலே கட்டட வேலைத்தளங்களில் உள்ள கருவிகளின் வடங்களை மூன்று மாதத்துக்கொருமுறை சோதித்து நிறச்சீட்டுக் கட்டும் வழக்கம் உண்டு; சீட்டின் நிறத்தைப் பார்த்தே காலம் கடந்ததை அறியலாம். பெரிய செலவில்லை. படகுகளுக்கு இலக்கம் எழுதும் இடத்தில் வடத்துக்கு ஒரு சீட்டுக் கட்ட முடியாதா என்று துறைமுகத்துக்குப் போகும்போதெல்லாம் எண்ணுவேன்.

படகு திருத்துவோர் கையிலுள்ள கிரைண்டர்கள் பலவற்றில் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு குறி பொறித்திருக்கும். இரட்டைக் காவலி உடையது, புவிக்கம்பி வேண்டியதில்லை என்பது அதன் பொருள். அதனால் அச்சம் தீர்ந்ததென்று கொள்கிறார்கள். கருவிக்குள்ளே தீர்ந்தது; வடத்திலே கூடியது. புவிக்கம்பி இல்லாத அந்த வடத்தின் உறையிலே கீறல் விழுந்து ஈரமணலில் கிடந்தால், மிதிப்பவர்க்கும் உயிர்க்கம்பிக்கும் இடையே எஞ்சிய ஒரே தடுப்பு டிரிப் சுவிச்தான். அதன் மேலுள்ள சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்க்கவேண்டும்.

ஒரு கொட்டகையில் மட்டும் வேறு காட்சி கண்டேன். வலை உலர்த்தக் கவைக்கம்பு நட்டதுபோல ஆளுயரத்துக்குக் கம்புகள் நட்டு, அவற்றின் மீது நீட்டுவடத்தைக் கொண்டுபோயிருந்தார்கள். கீழே ஈரம், மேலே வடம். அங்கிருந்த இளைஞனிடம், யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "வாப்பா கயிற்றைத் தரையில போட விடமாட்டார். இதையும் அப்படியே எடுத்துக் கட்டினோம்," என்றான். செருகியின் கழுத்தருகே வடத்தைக் கம்போடு தளர்வாக ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. இழுப்பு கம்பின்மேல் விழ, கழுத்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.